நாலாவது விடை

“நாலு விடையில எது எதையாவது செய்யச் சொல்லுதோ, அதை மொதல்ல அடிச்சுடும்மா. அது கிளார்க்குக்கான விடை.”

மனிதவளத் துறையின் சான்றிதழ் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த நாட்களில் எங்கள் சார் கண்டுபிடித்த ரகசியம் இது. தேர்வோடு நிறுத்திக்கொண்டிருந்தால் அவரைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது. அவர் அதை வாழ்க்கைக்கும் எடுத்துக்கொண்டார். அதில் ஒரு பெண்ணின் வேலை போயிற்று. அந்த வேலையைக் காப்பாற்ற ஒரே ஒரு போன் போதும். அந்த போன் என் கைப்பையில் இருந்தது. இதைக் கடைசிவரை மறைத்துவைத்து வாசிப்பவரைத் திடுக்கிட வைக்கிற சாமர்த்தியம் எனக்கு வேண்டாம். முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார்களுக்கு வயர் கட்டிக் கொடுக்கும் கம்பெனி எங்களுடையது. மனிதவளப் பிரிவில் அவர் மேனேஜருக்கு ஒரு படி கீழே, நான் அவருக்கு இரண்டு படி கீழே. எந்த வேன் எந்த ஊருக்குப் போக வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று பார்ப்பது என் வேலை. வேன் டிரைவர்கள் அத்தனை பேருடைய நம்பரும் என் போனில் உண்டு. அவருடைய வேலை என்ன என்று ஐந்து வருடம் அவரோடு இருந்தும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. காலையில் வருவார், மடிக்கணினியைத் திறப்பார், “சரி, முதல் படி என்ன?” என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்வார். இரண்டாவது படியை நான் பார்த்ததில்லை.

கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையைக் கழற்றவே மாட்டார். வரதர் கோயில் கருட சேவையன்று கூட்டத்தில் அவரை ஒருமுறை பார்த்தேன். பட்டு வேட்டி, நெற்றியில் நாமம், வெற்று மார்பில் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. பெருமாளுக்கு எம்ப்ளாயி நம்பர் தெரிந்தாக வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

தேர்வில் அவர் இரண்டு முறை தோற்றவர். எங்கள் படிப்புக் குழுவில் மற்ற மூன்று பேரும் ஒருமுறைகூட எழுதாதவர்கள். இரண்டு முறை தோற்ற அனுபவம் இருப்பதால் தானே தலைவர் என்று அவரே முடிவுசெய்து, அவரே அறிவித்து, அவரே நன்றியும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் கூடுவோம். பின்பக்கத்து வீட்டில் தறி ஓடும். முதல் வாரம் அந்தச் சத்தத்தில் அவர் பேசுவது கேட்கவில்லை. உடனே வெள்ளைப் பலகையில், இந்தச் சத்தத்தால் பாதிக்கப்படுகிறவர்கள் யார், பயன்பெறுகிறவர்கள் யார், யார் யாரைக் கலந்து பேச வேண்டும் என்று பட்டியல் போட ஆரம்பித்தார். பட்டியல் பாதி வளர்ந்தபோது, எங்கள் குழுவில் வாலாஜாபாத்திலிருந்து வரும் பெண் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“பரீட்சைல இப்படிப் பண்ணா பெயிலும்மா” என்றார், கொஞ்சம் வருத்தமாகவே.

அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் எரிச்சல். அந்தத் தேர்வின் கேள்விகள் அப்படித்தான் இருக்கும். ஓர் ஊழியர் ஒரு குறை சொல்கிறார், நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்? கீழே நாலு விடை. நாலும் பார்வைக்கு நியாயமாகவே இருக்கும். எழுந்து போய்க் காரியத்தை முடிப்பவனுக்கு மார்க் இல்லை. தகவல் திரட்டுபவனுக்கு, கொள்கையைப் புரட்டிப் பார்ப்பவனுக்கு, கலந்தாலோசிப்பவனுக்கு மார்க். யோசித்துச் செய் என்பதற்காக யாரோ நல்ல மனதோடு வைத்த ஏற்பாடாகத்தான் இருக்கும். எங்கள் சார் அதில் பாதியை எடுத்துக்கொண்டார். யோசித்தார்.

படிப்பு முடிந்ததும் எதிரிலிருந்த ஓட்டலுக்குப் போவோம். ஒருநாள் சர்வர் அவசரத்தில் அவர் சட்டையில் சாம்பாரைக் கொட்டிவிட்டார். குற்றம் சொல்வதற்கு முன்னால் ஒரு பாராட்டும், சொன்ன பிறகு ஒரு பாராட்டும் வைக்க வேண்டும் என்பது அந்த வாரப் பாடம். சார் எழுந்து நின்று, “அண்ணே, நீங்க ரொம்ப சுறுசுறுப்பு. என் மேல சாம்பார் கொட்டிட்டீங்க. உங்களுக்கு நல்ல எதிர்காலம் இருக்குது” என்றார்.

சர்வருக்கு அறுபது வயது இருக்கும். “இன்னா சார், திட்றதுனா திட்டிட்டுப் போங்களேன்” என்று நொந்துபோய்த் துணியை எடுத்து வந்தார். அன்றைக்கு நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார், தான் வென்றுவிட்டதாக நினைத்து.

இன்னொரு ஞாயிறு அவருடைய மனைவி போன் செய்தார். சார் எதையும் ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசுவார், ஒளிவுமறைவு கூடாதாம்.

“என்னாங்க, டேங்க் ரொம்பி கொட்டிக்கினு இருக்குது. மோட்டார் சுச்சுல கை வச்சா ஷாக் அடிக்குது. இன்னா பண்ணட்டும்?”

சார் எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார். எந்தப் பிரச்சினைக்கும் ஐந்து முறை ஏன் என்று கேட்டால் வேர் தெரிந்துவிடும் என்று அப்போதுதான் நடத்தி முடித்திருந்தார்.

“டேங்க் ஏன் ரொம்புச்சு?”

“மோட்டார் ஓடுது, ரொம்புது.”

“மோட்டார் ஏன் ஓடுது?”

“நீங்கதான் போட்டுட்டுப் போனீங்க.”

“நான் ஏன் போட்டுட்டுப் போனேன்?”

அந்தப் பக்கம் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. “அதைக் கேக்க வேண்டிய நாள்ல எங்கப்பா கேக்காம வுட்டுட்டாருங்க” என்று சொல்லிவிட்டு அந்த அம்மா போனை வைத்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் வந்து மெயினை அணைத்தாராம். சார் மட்டும் அன்று முழுக்க, மூன்றாவது ‘ஏன்’ என்பதிலேயே நின்றுபோய்விட்டதே என்று குறைபட்டுக்கொண்டிருந்தார்.

இதுவரை சொன்னதெல்லாம் சிரிக்கிற சங்கதி. இனிமேல் சிரிக்க ஒன்றும் இல்லை.

கம்பெனியில் கேன்டீன் வாசலில் ஒரு நீலப் பெட்டி இருந்தது. ‘உங்கள் குரல்’ என்று அதில் எழுதியிருக்கும். வேலை செய்கிற பெண்கள் அதை உண்டியல் என்பார்கள். எங்கள் ஊரில் கோயில் உண்டியலைக்கூட நாலு பேர் முன்னால்தான் திறப்பார்கள். இந்தப் பெட்டியின் சாவி சாரிடம் மட்டும். சனிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு தனியாகப் போய்த் திறப்பார். உள்ளே கிடக்கும் துண்டுச் சீட்டுகளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போவார். மறுநாள் ஜெராக்ஸ் கடை மாடியில் அவர் முகம் பளபளக்கும்.

“இந்த வாரம் அருமையான கேஸெல்லாம் மாட்டிக்கிச்சும்மா!”

சந்தையில் விற்கிற மாதிரி வினாத்தாள்கள் போதவில்லை என்று அவரே கேள்வி தயாரித்துக்கொண்டிருந்தார். தொழிலாளிகளின் குறைகள்தான் சரக்கு. பெயரை எடுத்துவிடுவார், ஊரை எடுத்துவிடுவார், தமிழை ஆங்கிலமாக்குவார், ஆளை ‘பி’ என்ற எழுத்தாக்குவார். அதை ரகசியம் காப்பது என்று சொல்லிக்கொள்வார். பெண்கள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று யாரோ எழுதிய சீட்டு பன்னிரண்டாவது கேள்வியாயிற்று. வசதி சார்ந்த ஓர் அக்கறையை ‘பி’ எழுப்புகிறார், நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்? அந்தக் கேள்விக்கு நாங்கள் எல்லோரும் மார்க் வாங்கினோம். தாழ்ப்பாள் வரவில்லை. பெண்களே ஒரு துண்டு வயரை முறுக்கிக் கதவைக் கட்டிக்கொண்டார்கள். வயருக்கு எங்கள் கம்பெனியில் பஞ்சமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் எழுதிய கேள்விகளில் சரியான விடை எப்போதும் நாலாவதாகவே இருக்கும். மற்ற மூன்றையும் முதலில் எழுதித் தீர்த்துவிட்டு, தனக்குப் பிடித்ததைக் கடைசியில் வைப்பார். இது அவருக்குத் தெரியாது. எங்களுக்கு இரண்டாவது வாரமே தெரிந்துவிட்டது. கேள்வியைப் படிக்காமலேயே நாலு, நாலு, நாலு என்று போட்டுவிட்டு மாடி ஜன்னலில் பஸ் பார்த்துக்கொண்டிருப்போம்.

செல்வராணி தாமலிலிருந்து வருகிற பெண். பயிற்சித் தொழிலாளி. அவள் சேர்ந்த அன்று படிவத்தை நிரப்ப உதவியது நான்தான். ஒரு வருடம் முடிந்ததும் வேலை நிரந்தரம் ஆகும். ஆனால் தாமதமாக வந்த நாட்கள் ஒரு அளவைத் தாண்டிவிட்டால் ஆகாது. அவளுடைய அப்பா எங்கேயோ போய்விட்டார். அம்மாவுக்கு முட்டி வலி, வேலைக்குப் போக முடியாது. அந்த நிரந்தரம் அவளுக்கு எவ்வளவு பெரிது என்று அந்தப் படிவத்திலேயே எனக்குத் தெரியும். சேர்ந்த அன்றே எல்லோருக்கும் சொல்வது போல அவளுக்கும் சொன்னேன்: “எந்தக் குறையா இருந்தாலும் ஆளாளுக்குப் போய்ப் பேசாதீங்க. எழுதி பெட்டியில போடுங்க.” சார் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தார்.

முன்பெல்லாம் காலை ஷிப்ட் வேன் தாமலுக்குள் ஸ்கூல் தெரு முனை வரைக்கும் போகும். ஊருக்குள் ஏறுகிறவள் அவள் ஒருத்திதான் என்று கோடையில் நான் நிறுத்தத்தை நெடுஞ்சாலைக்கு மாற்றியிருந்தேன். வெயில் காலத்தில் அது நடந்து வரும் தூரம். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் அவள் நடக்கும் பாதையின் மேலேயே ஓடியது. அவள் சுற்றிக்கொண்டு வருவதற்குள் வேன் போய்விடும். பிறகு டவுன் பஸ் பிடித்து, மாறி, ஷேர் ஆட்டோ ஏறி, ஓடி வந்து சேர்ந்தால் தாமதம். அவள் எழுதிப் பெட்டியில் போட்டாள், நான் சொல்லிக் கொடுத்தபடியே.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அந்த ஞாயிறு எனக்குத் தெரிந்தது முப்பத்தேழாவது கேள்வி மட்டும். புறநகர்த் தொழிற்சாலை ஒன்றில் ‘பி’ என்ற ஊழியரின் நேரம் தவறாமை, பயணச் சிரமத்தால் பாதிக்கப்படுகிறது. நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்? முதல் விடை, வண்டி நிறுத்தத்தை மாற்றச் சொல்வது. இரண்டாவது, தாமதத்தை மன்னிப்பது. மூன்றாவது, நேரம் தவறாமை பற்றி ‘பி’க்கு அறிவுரை சொல்வது. நாலாவது, அந்தத் தடத்தில் வரும் எல்லா ஊழியர்களின் பயணத் தகவலையும் திரட்டி, கொள்கையை மாற்ற வேண்டுமா என்று ஆராய்வது.

நாலு என்று போட்டேன். சார் கேள்வியை உரக்கப் படித்துக் காட்டி, என் தாளை உயர்த்திப் பிடித்து, “சபாஷ்! வேன் பாக்கற பொண்ணே முதல் விடைக்குப் போகல பாருங்க. இதுதான் மெச்சூரிட்டி” என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த மாதமே தேர்வு வந்தது. சார் மூன்றாவது முறையில் தேறினார். நல்ல மார்க். மறுநாளே கையெழுத்துக்குக் கீழே சான்றிதழின் நாலு எழுத்துப் பட்டம் வந்துவிட்டது, ஆபீசுக்குக் கோயில் இட்லி வாங்கி வந்தார். நானும் தேறினேன். என் சான்றிதழ் பீரோவில் பழைய புடவைகளுக்கு அடியில் இருக்கிறது, அது அங்கேயே இருக்கட்டும்.

இட்லி தின்ற அதே வாரம் நிரந்தரம் ஆகாதவர்களுக்கான கடிதங்கள் என் மேஜைக்கு வந்தன. மேனேஜர் கையெழுத்துப் போட்டிருந்தார், கொடுக்க வேண்டியது மட்டும் என் பாடு. மூன்றாவது கடிதம் செல்வராணிக்கு. கூப்பிட்டுக் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள். அழவில்லை.

“எழுதிப் போட்டனே மேடம்.”

“எங்க போட்ட?”

“பொட்டியிலதான். மழை புடிக்கசொல்லவே போட்டேன். தண்ணி வடியற வரைக்கும் வேன் உள்ள வந்தா போதும்னு எழுதினேன். நீங்க பாக்கலையா?”

எனக்கு முப்பத்தேழாவது கேள்வி ஞாபகம் வந்தது. அவளை அங்கேயே உட்காரச் சொல்லிவிட்டு நேராக சாரிடம் போனேன். அவர் நிதானமாக இழுப்பறையைத் திறந்து நீள நோட்டை எடுத்தார். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பக்கம். பக்கத்தின் தலையில் அந்தக் கேள்வி பிறந்த சீட்டு பின் அடித்து வைக்கப்பட்டிருந்தது. அதில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது, ஒரு சீட்டும் தொலையவில்லை.

முப்பத்தேழாம் பக்கத்துச் சீட்டு கட்டுரை நோட்டிலிருந்து கிழித்தது. ‘மேடம்’ என்று ஆரம்பித்திருந்தாள். எங்கள் பிரிவில் மேடம் நான் ஒருத்திதான்.

“சார், இது எனக்கு எழுதினது.”

“பெட்டியில போட்டா அது டிபார்ட்மென்ட்டுக்கும்மா.”

“ஒன்றரை மாசமா உங்ககிட்ட இருந்திருக்குது. ஒரு போன் சார். ஒரு நிமிஷம். அந்தப் பொண்ணுக்கு வேலை போயிடுச்சு.”

“டேட்டா கலெக்ட் பண்ணாம எப்பிடிம்மா? எக்ஸாம் முடியட்டும்னு வச்சிருந்தேன்.” அவருக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கெட்டவர் என்றால் வெறுத்துவிட்டுப் போய்விடலாம். இவர் கெட்டவர்கூட இல்லை, ஒன்றுமே இல்லை.

“நீங்கல்லாம் ஒரு மனுஷனா சார்?” என்று கேட்டேன். கேட்டேவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. பக்கத்தைத் திருப்பினார். அங்கே என் விடைத்தாள் ஒட்டியிருந்தது.

“நீயும் நாலுதானேம்மா போட்ட?” என்றார். “படிச்சுப் பாத்துட்டுத்தானே போட்ட?”

படித்துப் பார்க்கவில்லை என்று சொல்வதா, படித்திருந்தாலும் நாலுதான் போட்டிருப்பேன் என்று சொல்வதா? இரண்டில் எது எனக்கு மானம் காக்கும் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். யோசிக்க அவரிடம்தானே கற்றுக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது செல்வராணி இல்லை. கம்பெனி கேட்டுக்கு ஓடினேன். அடையாள அட்டையைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு வெளியே நின்றிருந்தாள். அவள் எதிரிலேயே வேன் டிரைவருக்கு போன் போட்டேன். தாமல் ஸ்கூல் தெரு வரைக்கும் நாளையிலிருந்து உள்ளே போய் வாங்கண்ணே என்றேன். சரி மேடம் என்றார். அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

“நாளைக்கு வேன் உள்ள வரும் செல்வா. நீ ஏறி வந்துடு. நான் மேனேஜர்கிட்ட பேசறேன். உன் லேட்டுக்கு நான்தான் காரணம்னு எழுதியே தரேன்.”



“அதையும் எழுதி அந்தப் பொட்டியிலயே போட்டுடுங்க மேடம்” என்று சொல்லிவிட்டுப் பஸ் நிறுத்தத்துப் பக்கம் நடந்தாள்.

கோபத்தில் சொல்கிறாள், காலையில் வருவாள் என்றுதான் நினைத்தேன். ராத்திரியே அந்தக் கடிதத்தை எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். தாமதங்கள் எல்லாவற்றுக்கும் நிறுத்தத்தை மாற்றிய நானே பொறுப்பு என்று தமிழில் எழுதினேன். நாலு விடை எதுவும் அதில் இல்லை.

மறுநாள் விடிவதற்கு முன்னாலேயே எழுந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்து மணி இருக்கும். போன் அடித்தது, டிரைவர்தான்.

“மேடம், நீங்க சொன்னாப்பல உள்ள வந்துட்டேன். ஸ்கூல் தெரு முனையில பத்து நிமிஷமா நின்னுக்கினு இருக்கேன். தண்ணியெல்லாம் வடிஞ்சு போச்சு மேடம், ரோடு நல்லாத்தான் இருக்குது. ஆனா ஏற ஆளே இல்லியே?”

“ஹாரன் அடிங்கண்ணே” என்றேன்.

“ஹாரன் அடிச்சுப் பாத்துட்டேன். அந்த மூணாவது வூட்ல வாசத் தெளிச்சு கோலம் போட்டுக்கினு இருக்குதே, அந்தப் பொண்ணுதான? தலையத் தூக்கி இப்பிடி ஒரு பார்வை பாத்துச்சு. மறுபடி குனிஞ்சுக்கிச்சு.”

“அவதான்” என்றேன்.

“இன்னா பண்ணட்டும் மேடம்? நிக்கவா, கெளம்பவா?”